கேள்வி மாறிய மாதம்

என் மனைவிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. வாழ்த்துச் சொல்லி வந்த மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில் ஒரு கொக்கியும் இருந்தது. இணையவழி ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதி, மாதக் கடைசிக்குள் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். பேசுகிற பகுதிக்குத் தனியாக ஒரு குறைந்தபட்சம் உண்டு. அது வராவிட்டால் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்கிற இடம் என்பதால், இதை விட்டால் இன்னொன்று எங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

அவள் டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு கணக்கும் வேறு வேறு என்று அவள் அடிக்கடி சொல்வாள். கல்யாணமான புதிதில் முனிர்காவில் ஒரு மாடி வீட்டைத் தற்காலிகமாகப் பிடித்தோம். மகள் பிறந்து வளர்ந்து இப்போது புனேயில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் இன்னும் அதே வீட்டில் தற்காலிகமாகத்தான் இருக்கிறோம். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குள் அந்தத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, தாளிலும் திரையிலும் ஆங்கிலம் என்று மூன்றும் அததன் எல்லையில் நின்றுகொண்டதால் எங்களுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்த மாதத்தில் பாதி நேரம் நான் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

தேர்வை அவள் ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தாள். அப்போது கேள்விகள் பழைய மாதிரியில் இருந்தன. திரையில் வார்த்தைகள் வரும். எது உண்மையான ஆங்கில வார்த்தை, எது சும்மா ஆங்கிலம் மாதிரி செய்துவைத்த வார்த்தை என்று பிரிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தைக் காட்டி, சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். ஒரு படத்தைக் காட்டி, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். போலி வார்த்தைகளைக் கண்டுபிடிப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இல்லாத வார்த்தையை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று செய்தவர்களைப் பாராட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளினாள். படத்தைப் பார்த்துப் பேசும்போது மட்டும் கரும்பலகை முன்னால் நிற்கிற மாதிரி ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒரு மனிதர் நிற்கிறார், அவர் கையில் குடை இருக்கிறது, குடை கறுப்பு நிறம். பேச்சு மதிப்பெண் கொஞ்சத்தில் தவறியது.

அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. இன்னும் நாள் இருக்கிறது, கொஞ்சம் வேகமாகப் பேசப் பழகினால் போதும் என்று சொல்லிவிட்டு, பேப்பரில் வரும் படங்களை எல்லாம் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். சமையலறையில் காலண்டர் படம்கூட மிச்சமில்லை. அப்போதுதான் புனேயிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, அந்த டெஸ்ட்ல கொஸ்டின் டைப்பே சேஞ்ச் பண்ணிட்டாங்க. நீ பழைய மாதிரி பண்ணிட்டு இருக்காத."

மகள் டெல்லியில் பிறந்தவள். அவள் தமிழில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னால் விஷயம் பெரியது என்று அர்த்தம். தேர்வு நடத்துகிறவர்களின் இணையதளத்தைத் திறந்து பார்த்தோம். அவள் சொன்னது உண்மைதான். சில வகைக் கேள்விகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசித்துக் காட்டுவது இல்லை. பதிலுக்குப் புதிதாக ஒன்று வந்திருந்தது: திரையில் வரைந்த ஒரு முகம் தோன்றிப் பேசும். நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அது அடுத்த கேள்வியைக் கேட்கும். யோசிக்க நேரம் தராது. என்ன கேட்கப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. மொத்தத்தில் ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

எனக்கு வந்ததே கோபம். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் அவர்களுக்கு ஒரு புகாரும் எழுதினேன். என் ஆங்கிலம் கோப்பு ஆங்கிலம். மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது யாதெனில் என்றுதான் அது எந்த மொழியில் எழுதினாலும் தொடங்கும். அனுப்பிய மறுகணமே பதில் வந்தது. என் கருத்து அவர்களுக்கு மிக முக்கியம் என்று அதில் இருந்தது. அவள் என் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாள். இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கிறீர்கள், இதில் கேள்வி எங்கே இருக்கிறது, அவர்கள் எதற்குப் பதில் சொல்வார்கள் என்று கேட்டாள்.

மாதிரித் தேர்வு ஒன்றை இலவசமாக எழுதிப் பார்க்கலாம். அன்று சாயங்காலமே உட்கார்ந்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் முகம் வந்து, வணக்கம் சொல்லி, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. என் மனைவி அதை ஒரு விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. தலை ஆடியது. பிறகு பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். குடை, கறுப்பு நிறம் என்கிற நிறுத்தமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

முடிந்ததும் பதிவைப் போட்டுக் கேட்டோம். முதல் பதில் "அச்சா" என்று இந்தியில் ஆரம்பித்தது. இரண்டாவது பதிலும் "அச்சா." மூன்றாவதில் "அச்சா, அச்சா." இடையில் முகம் ஏதோ விளக்கும்போது இவள் ஆமாங்க என்கிற மாதிரி "ஹாஞ்சி" என்று வேறு சொல்லியிருக்கிறாள். கடைசிப் பதிலில், நேரம் முடியப்போகிற அவசரத்தில், "பஸ், தட்ஸ் ஆல்" என்று, போதும் என்பதற்கான இந்திச் சொல்லையும் சேர்த்து முடித்திருந்தாள்.

அவளுக்கே நம்ப முடியவில்லை. ஒரு தடவைகூடச் சொன்ன ஞாபகம் இல்லை என்றாள். படத்தைப் பார்த்து எவ்வளவோ பேசியிருக்கிறாள், அப்போது ஒரு அச்சாகூட வந்ததில்லை. பழைய மாதிரியே இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது. நான் மறுபடியும் தேர்வு நடத்துகிறவர்களைத் திட்ட ஆரம்பித்தேன். மாதிரித் தேர்வின் பேச்சு மதிப்பெண்ணும் வேண்டிய அளவுக்குக் கீழேதான் நின்றது.

அடுத்த சில நாள்கள் நான்தான் அந்த முகம். ஆபீஸ் முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பேன். நான் கேட்கிற ஆங்கிலத்துக்கு விளக்கக் குறிப்பாணைக்குப் பதில் எழுதுகிற மாதிரிதான் பதில் சொல்ல முடியும் என்று அவள் புகார் சொன்னாள். அது உண்மை. மேற்படி நகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களைத் தெரிவிக்கவும் என்கிற பாணியில்தான் எனக்குக் கேட்க வந்தது. வேடிக்கை என்னவென்றால், என் கேள்விக்கு அவள் வாயில் அச்சாவே வரவில்லை. திரையில் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தால் மட்டும் வந்தது. நான் அதற்கு ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு அச்சாவுக்கும் ஒரு வேளை டீ கிடையாது. இரண்டு நாள் அவளுக்கு டீ இல்லாமல் போனதே தவிர அச்சா போகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு பேசினாள். பேச்சு பழையபடி குடை பிடித்து நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் அவள் டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என் தண்டனைச் சட்டத்தை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தாள். வகுப்பில் தப்புப் போடுகிற பிள்ளையை அதட்டினால் தப்பு ஒளிந்துகொள்ளும், போகாது என்றாள். அவள் தன்னையே தன் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தியாக வைத்து யோசித்திருக்கிறாள்.

"டெல்லியில தெரியாத மூஞ்சி ஒண்ணு நம்மகிட்ட பேசுனா அது இந்திதானே. பால் பூத்து, பேங்க், ஆட்டோக்காரர் எல்லாரும். இங்கிலீஷ்ல எங்கிட்ட மூஞ்சியப் பாத்துப் பேசுனது யாரு இருக்கா? அதான் அதைப் பாத்ததும் வாய் இந்திக்குப் போகுது."

அதோடு நிற்கவில்லை. அச்சா என்பது சும்மா வருவதில்லை என்றாள். நீ சொன்னது காதில் விழுந்தது, கொஞ்சம் பொறு, யோசிக்கிறேன் என்கிற மூன்று விஷயத்தையும் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு யாரும் ஒரு சொல்லைத் தரவில்லை.

"தப்பு ஒரு வேலை செய்யுதுங்க. அதை நிறுத்தணும்னா அந்த வேலைக்கு வேற ஆள் போடணும்."

எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்தது. இத்தனை வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் தப்பு செய்தவனுக்கு நோட்டீஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். தப்புக்குப் பதில் ஆள் போட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த வேலைக்கு ஆள் தேடினோம். ஓகே என்று ஆரம்பித்துப் பார்த்தாள். கஸ்டமர் கேர் மாதிரி இருந்தது. வெல் என்று இழுத்துப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆங்கிலச் செய்தி பார்த்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தோம். அவர்கள் ம்ம், ஆ என்று என்னென்னவோ செய்தார்கள். அது எதுவும் இவள் வாயில் உட்காரவில்லை.

ஆள் கடைசியில் அவள் வகுப்பறையிலேயே கிடைத்தது. பிள்ளைகள் ஒரு சந்தேகம் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வியின் வாலை அவள் திருப்பிச் சொல்வாள். ஏன் டீச்சர் கடன் வாங்கிக் கழிக்கணும் என்றால், ஏன் கடன் வாங்கணும் என்று தானும் ஒருமுறை கேட்டுக்கொள்வாள். கடைசி பெஞ்சுக்குக் கேள்வி எட்ட வேண்டும் என்பதற்காகச் செய்த பழக்கம். நம் ஊர் டீச்சர்கள் பலரும் செய்வதுதான். அவள் அதைத் தமிழில் செய்வதால் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரலாம் என்று தோன்றியதே இல்லை. இப்போது கொண்டுவந்தாள். திரை முகம் ஏன் இந்த நகரத்தில் வாழ்கிறீர்கள் என்று கேட்டால், இவள் ஆங்கிலத்தில், ஏன் இந்த நகரத்தில், என்று மெல்லச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பாள். காதில் விழுந்தது, பொறு, யோசிக்கிறேன், மூன்று வேலையும் முடிந்தது. அச்சாவுக்கு வேலை போயிற்று.

நான் அசந்துபோனேன். இதை அவளிடம் அப்போதே சொன்னேன் என்றால் நம்ப மாட்டீர்கள். சொல்லவில்லை. உச்சரிப்பில் ஒரு குறை கண்டுபிடித்துச் சொன்னேன்.

தேர்வுக்கு ஒரு சனிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டிலேயே எழுதலாம். ஆனால் கேமரா எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வேறு குரல் கேட்டால் தேர்வே செல்லாமல் போகலாம். கண் திரையை விட்டு அடிக்கடி விலகக் கூடாது. நல்லது, எழுதுங்கள், ஆனால் முனிர்காவில் எழுதுங்கள் என்றால் அது ஒரு தனித் தேர்வு. எங்கள் தெருவில் எதிர் வீட்டுக்காரர் தும்மினால் நாங்கள் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். படுக்கையறையின் ஒரே ஜன்னல் மாடிப்படியைப் பார்க்கிறது. அதில் ஒரு கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து ஒட்டியிருக்கிறது. மேலே வீட்டுக்காரர் குடும்பம், கீழே மொபைல் ரிப்பேர் கடை. கடையில் காலையிலிருந்து பாட்டு.

காவல் வேலை என்னுடையது என்று நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருவரிடமும் சண்டை போட வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் வசனமெல்லாம் தயார் செய்துவைத்திருந்தேன். முதலில் மாடிக்குப் போய், வீட்டுக்கார அம்மாளிடம், என் மனைவிக்குப் பரீட்சை, ஒரு மணி நேரம் மிக்ஸி போட வேண்டாம் என்று இந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லி, இந்த வயதில் என்ன பரீட்சை என்று விசாரித்தார். சொன்னேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. மிக்ஸி மட்டுமல்ல, தண்ணீர் மோட்டார், துணி துவைக்கிற மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மருமகளைக் கூப்பிட்டு, படியில் யாரும் செருப்புச் சத்தத்தோடு இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கீழே கடையில் பாட்டு ஏற்கெனவே நின்றிருந்தது. அந்த அம்மாள் மாடிக் கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டுச் சொன்னதில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஆலு, பியாஜ் என்று கூவுவதை நிறுத்திக்கொண்டு, அதற்கு அப்பால் போய் மறுபடியும் ஆரம்பித்தார். ரிப்பேர் கடைக்காரர் யாரோ ஒருவரிடம், மேடமுக்குப் பேப்பர் இருக்கிறது, மெல்லப் பேசு என்று சொல்வது கேட்டது. நான் தயார் செய்த வசனம் ஒன்றுகூடச் செலவாகவில்லை. இந்தத் தெருவை இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

செய்ய ஒன்றும் இல்லாததால் படியில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே. முதலில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த முகத்தின் குரல் வந்தது. என்ன சொல்கிறது என்று புரியவில்லை, அவ்வளவு மெல்லிய ஒலி. அது நின்றதும் என் மனைவியின் குரல்.

"அச்..."

நான் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன்.

"...ஆக்சுவலி," என்று அவள் தொடர்ந்தாள். ஒரு பெருமூச்சு விடக்கூட இடம் விடாமல் பேசிக்கொண்டே போனாள். படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நான் சிரித்ததை வீட்டுக்காரர் மருமகள் பார்த்துவிட்டாள்.

அடுத்த கேள்வியிலிருந்து வாலைத் திருப்பிச் சொல்வது வந்துவிட்டது. அதனால் எனக்கு ஒரு வசதி. முகம் என்ன கேட்கிறது என்பது எனக்குக் கேட்காது. இவள் திருப்பிச் சொல்வதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். என்ன படிக்கப்போகிறேன் என்று அவள் சொன்னாள். ஏன் அதைப் படிக்க வேண்டும் என்று முகம் கேட்டது போல. அவள் திருப்பிச் சொன்னாள், ஏன் அதை.

பிறகு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் இடிபட்ட பிறகு, ஊர்க்கோடியில் மாற்றிடம் கொடுத்த நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வரும் பிள்ளை. ஒருநாள் பக்கத்தில் இருந்தவளிடம் உன்தீஸ் என்று இந்தியில் சொல்லிக்கொண்டே அது நோட்டில் முப்பத்தொன்பது என்று எழுதியது. உன்தீஸ் என்றால் இருபத்தொன்பது. முப்பதுக்கு ஒன்று குறைவு என்று இந்திக்காரர்கள் எண்ணுகிற முறை அது. தீஸ் என்றால் முப்பது, உன் என்று தொடங்கினால் கடைசியில் ஒன்பது என்பது பிள்ளைக்குத் தெரியும். தமிழில் எந்தப் பத்தின் பேர் காதில் விழுகிறதோ எண் அந்தப் பத்தில்தான் இருக்கும். அதனால் முப்பதுக்குள் போய் ஒன்பதைத் தேடியிருக்கிறது. தப்பு என்று சிவப்பு மையால் அடித்திருந்தேன், ஆனால் அது தப்பான பதில் அல்ல, இரண்டு மொழியில் சேர்த்துப் போட்ட ஒரு சரியான கணக்கு என்று அவள் சொன்னாள். இந்த மாதிரி பிள்ளைகளுக்கு எப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொண்டு திரும்பி வர வேண்டும் என்றாள்.

நான் தினமும் எண்களோடு புழங்குகிறவன். டெல்லிக்கு வந்த புதிதில் பஸ்ஸில் ஐம்பத்தொன்பதுக்கு உன்சாட், அறுபத்தொன்பதுக்கு உன்ஹத்தர் என்றெல்லாம் கேட்டுத் திணறியவன். என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற ஒருத்தி இப்படி ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு நடமாடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. சம்பள உயர்வுக்கு ஒரு பட்டம் வேண்டும், அதற்குத்தான் இத்தனையும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பழைய மாதிரியில் இருந்திருந்தால் கறுப்புக் குடையைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பாள். கேள்வியை மாற்றியவர்களை நான் அன்றுவரை திட்டியதற்கெல்லாம் சேர்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். யாரோ எங்கேயோ உட்கார்ந்து, பார்த்ததைச் சொல் என்று கேட்டது போதும், நினைப்பதைக் கேட்போம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அது நல்ல முடிவு.

முகம் இன்னும் ஒரு கேள்வி கேட்டது.

"The hardest part," என்றாள். எது கஷ்டமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறது. குளிர் என்பாள், சாப்பாடு என்பாள், மகளைப் பிரிவது என்பாள் என்று நான் நினைத்தேன்.

என் கணவர் என்று அவள் சொன்னாள். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். அவர் எல்லோரிடமும் சண்டை போடுவார். அது கோபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கோபம் இல்லை, பயம். பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. நான் போகிறேன் என்றதிலிருந்து அவர் அந்தத் தேர்வுக்காரர்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். நான் போன பிறகு யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருப்பேன். அவள் அதற்கு மேலும் ஏதோ ஆரம்பித்தாள். நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

படியில் உட்கார்ந்து நான் அழுதேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயிற்சிக்குத் தவிர எங்களுக்குள் நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொள்ளாத மொழியில், ஒரு வரைந்த முகத்திடம், என்னைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருத்தி சொல்கிறாள். நல்லவேளையாக மருமகள் அப்போது அங்கே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு படி இறங்கி, தெருவைக் காவல் காக்கிறவன் மாதிரி நின்றுகொண்டேன்.

கதவைத் திறந்து அவள் வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. உள்ளே பேசியது வெளியே கேட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். நான் தெருமுனை வரைக்கும் போயிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்றேன். கேட்டது என்று சொன்னால் அவள் வாயால் தமிழில் கேட்கிற வாய்ப்பு போய்விடும் என்று அந்த நொடியில் தோன்றியது. அவள் சமையலறைக்குள் போய்க்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அச்சா தொண்டை வரை வந்ததையும் அதை ஆக்சுவலியாகத் திருப்பியதையும் சொல்லிச் சிரித்தாள். உன்தீஸைப் பற்றிச் சொன்னாள். தமிழில் சொல்லும்போது அந்தப் பிள்ளை பென்சிலை எப்படிப் பிடித்திருந்தது, அடித்ததைப் பார்த்து எப்படி விழித்தது என்பதெல்லாம் கூடவே வந்தது. நான் நடுவில் கேள்வி கேட்டேன். உன்சாட்டுக்கு என்ன எழுதும் என்று கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். சாப்பிட ரொம்ப நேரமாகிவிட்டது.

கடைசியாக என்ன கேட்டது என்று நான் கேட்டேன்.

குளிரைப் பற்றி ஏதோ கேட்டது, நானும் ஏதோ உளறிவைத்தேன் என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

முடிவு வரும்வரை அவள் பள்ளிக்குப் போய்வந்தாள். நான் ஆபீஸுக்குப் போய்வந்தேன். வழக்கமாகத் திட்டுகிறவர்களைக்கூடத் திட்டவில்லை. உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்தார். முடிவு வந்தது ஒரு சாயங்காலம். அவள் போனை மேஜை மேல் வைத்துவிட்டு, நீங்களே பாருங்கள் என்றாள். பார்த்தேன். மொத்த மதிப்பெண் போதுமான அளவுக்கு மேலே இருந்தது. பேச்சு, கேட்டதைவிட நன்றாகவே அதிகம். நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் மகளுக்குப் போன் செய்தாள். மகள் போட்ட கூச்சல் எனக்கு இங்கே கேட்டது. மாடி வீட்டு அம்மாளிடம் போய்ச் சொன்னாள். அவர் லட்டு கொடுத்து அனுப்பினார்.

எல்லாம் அடங்கி, இருவரும் டீயோடு உட்கார்ந்தோம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்த வயதில் புதிதாக ஒரு கேள்வி வந்தால் அதற்குத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரிந்த ஒருத்தியோடு வாழ்ந்திருக்கிறேன் என்பதில் பெருமை. ஆனால் அந்த வீட்டில் அவள் இல்லாமல் நான் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. வழக்கம் போல இருந்தால், பாஸ்போர்ட் ஆபீஸ்காரர்களைத் திட்ட ஆரம்பித்திருப்பேன். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"கஷ்டமாத்தான் இருக்கும் எனக்கு. கொஞ்சம் பயமாவும் இருக்கு. ஆனா நீ போயிட்டு வா."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்போ," என்றாள், "கேட்டிருக்கு உங்களுக்கு."